எரர் வராது, விடை மட்டும் தப்பு: இன்ஹெரிட்டன்ஸ் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

இன்ஹெரிட்டன்ஸ் போட்டு எழுதிய நிரலில் ஆளை வாட்டுவது சத்தமே போடாத பிழைகள்தான். சிவப்பு எழுத்து வராது, நிரல் பாட்டுக்கு ஓடும், விடை மட்டும் தப்பாக இருக்கும். அதனால் பிழையின் பெயரை வைத்துப் பிரிக்காமல், கண்ணில் படும் அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறேன். பெரும்பாலும் பைத்தான்தான், ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடத்தில் அதையும் சொல்கிறேன். பிளஸ் ஒன் புத்தகத்தில் இனக்குழு, மரபுரிமம் என்று படித்தவர்களுக்கு: கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் என்று இங்கே வருவது அவைதான். புதியவர்களுக்கு: கிளாஸ் ஒரு அச்சு, அதில் வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட், கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன் மெத்தட். ஒரு கிளாஸில் (தாய்) இருப்பதை இன்னொரு கிளாஸ் (சேய்) அப்படியே பெற்றுக்கொள்வதுதான் இன்ஹெரிட்டன்ஸ். வேலை செய்யும் இடத்தில் யாரும் இனக்குழு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று, நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். பில், பொருட்கள் மாதிரிப் பெயர்களைப் பைத்தான் 3 அப்படியே ஏற்றுக்கொள்ளும். கிளாஸ், டெஃப், செல்ஃப், சூப்பர், பிரிண்ட், __இனிட்__ மாதிரிப் பைத்தானின் சொந்தச் சொற்கள் வரும் இடங்களில் மட்டும் நீங்கள் வழக்கமாக அடிக்கும் சொல்லை அடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். ஒரு பெயரைப் படிக்கும்போது பைத்தான் மேலே மேலே போய்த் தேடும்: ஆப்ஜெக்டில் இருக்கிறதா, இல்லையென்றால் கிளாஸில், அங்கேயும் இல்லையென்றால் தாய் கிளாஸில். அதே பெயருக்கு ஒரு மதிப்பை வைக்கும்போது எங்கேயும் தேடாது, நிற்கிற இடத்திலேயே புதிதாக வைத்துவிடும். (ப்ராப்பர்ட்டி மாதிரி விதிவிலக்குகள் உண்டு, இப்போதைக்கு விடுங்கள்.) படிப்பதற்கு ஒரு வழி, வைப்பதற்கு ஒரு வழி என்ற இந்த ஏறுமாறுதான் கீழே வரும் கூத்துகளில் முக்கால்வாசிக்குக் காரணம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டு வரிகளைப் போட்டுப் பாருங்கள் (பில்1 என்பது நீங்கள் சந்தேகப்படும் ஆப்ஜெக்ட்):

பிரிண்ட்(வார்ஸ்(பில்1))
பிரிண்ட்(டைப்(பில்1).__எம்ஆர்ஓ__)

முதல் வரி, அந்த ஆப்ஜெக்டின் கையில் சொந்தமாக என்ன இருக்கிறது என்று காட்டும். இரண்டாவது, கையில் இல்லாததைத் தேடி எந்த வரிசையில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று காட்டும். இந்த வரிசைக்குத்தான் எம்ஆர்ஓ என்று பெயர்.

ஒருத்தர் பில்லில் இன்னொருத்தர் சாமான் வருகிறது

இது எனக்கே நடந்தது. ஒரு மளிகைக் கடைக்கு பில் போடும் நிரல் எழுதிக்கொடுத்தேன். வீட்டில் சோதித்தபோது ஒரே ஒரு பில் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக வந்தது. கடையில் காலையில் முதலில் வந்தவர் துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கினார், அவருக்கும் சரி. அடுத்து வந்த அம்மா வாங்கியது அரைக் கிலோ ரவை மட்டும். பில்லில் துவரம்பருப்பு, நல்லெண்ணெய், ரவை என்று மூன்று வரிகள், அடியில் மட்டும் "பொருட்கள்: 1". அந்த அடிவரிதான் என்னை ரொம்ப நேரம் குழப்பியது, எண்ணிக்கை சரியாக இருக்கும்போது பட்டியல் எப்படித் தப்பாகும்?

நான் எழுதியது இது:

கிளாஸ் பில்:
    பொருட்கள் = []
    எண்ணிக்கை = 0

    டெஃப் சேர்(செல்ஃப், சாமான்):
        செல்ஃப்.பொருட்கள்.அப்பெண்ட்(சாமான்)
        செல்ஃப்.எண்ணிக்கை += 1

இரண்டு வேரியபிள்களும் கிளாஸின் உடம்பில்தான் இருக்கின்றன, இரண்டையும் செல்ஃப் ("இந்த ஆப்ஜெக்ட்" என்று பொருள்) போட்டுத்தான் தொடுகிறோம், ஆனால் நடப்பது வேறு வேறு. அப்பெண்ட் வரியில் யாரும் எதையும் புதிதாக வைக்கவில்லை. பொருட்கள் என்ற பெயரைப் படிக்கிறோம், ஆப்ஜெக்டில் இல்லை, கிளாஸில் இருக்கும் லிஸ்ட் கிடைக்கிறது, அதற்குள் சாமானைத் தள்ளுகிறோம். அந்த லிஸ்ட் கடைக்கே பொதுவான ஒரே லிஸ்ட். அடுத்த வரியில் நடப்பது: கிளாஸிலிருந்து 0-வைப் படிக்கிறது, 1 கூட்டுகிறது, வைக்கும்போது ஆப்ஜெக்டிலேயே வைத்துவிடுகிறது. ஆகவே எண்ணிக்கை ஆளுக்கு ஒன்று, பட்டியல் ஊருக்கு ஒன்று.

வார்ஸ் போட்டுப் பார்த்தால் இரண்டாவது பில்லின் கையில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பொருட்கள் இருக்காது. இந்த ஒன்று போதும், நோய் என்ன என்று தெரிந்துவிடும்.

அப்பெண்டுக்குப் பதிலாக செல்ஃப்.பொருட்கள் += [சாமான்] என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். லிஸ்டுக்கு += என்பது இருக்கிற லிஸ்டையே நீட்டும், அதாவது கிளாஸின் பொது லிஸ்ட் நீளும்; அப்புறம் அதே லிஸ்டை ஆப்ஜெக்டிலும் ஒரு பெயராக வைத்துவிடும். இப்போது வார்ஸ் போட்டாலும் பொருட்கள் ஆப்ஜெக்டில் இருப்பது போலவே தெரியும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அப்போது பில்1.பொருட்கள் இஸ் பில்2.பொருட்கள் என்று கேளுங்கள். ட்ரூ வந்தால் இரண்டும் ஒரே லிஸ்ட்.

சரிசெய்வது சுலபம். மாறக்கூடிய எதையும், லிஸ்ட், டிக்ஷனரி, செட் எல்லாவற்றையும், ஆப்ஜெக்ட் உருவாகும்போதே தானாக ஓடும் __இனிட்__ மெத்தடின் உள்ளே செல்ஃப்.பொருட்கள் = [] என்று வைத்துவிடுங்கள். கிளாஸின் உடம்பில் விட்டுவைத்தால் பில்லிலிருந்து பிறந்த கடன்பில், ரொக்கபில் எல்லாம்கூட அந்த ஒரே லிஸ்டைத்தான் பங்குபோடும். __இனிட்__ அடைப்புக்குறிக்குள் பொருட்கள்=[] என்று இயல்பு மதிப்பு கொடுத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அந்த லிஸ்ட் டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. அங்கே லிஸ்டுக்குப் பதிலாக "நன்" (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) கொடுத்து, உள்ளே போய் அது "நன்" ஆகவே இருந்தால் புது லிஸ்ட் வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: எல்லா பில்லுக்கும் பொதுவாக ஒரு கணக்கு வைக்கப் பார்க்கிறீர்கள், அது 1-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. செல்ஃப்.மொத்தம் += 1 என்று எழுதியிருப்பீர்கள். பில்.மொத்தம் += 1 என்று கிளாஸின் பெயரையே சொல்லி எழுதுங்கள். டைப்(செல்ஃப்).மொத்தம் என்று சாமர்த்தியமாக எழுதினால் கடன்பில்லுக்குத் தனி மொத்தம், ரொக்கபில்லுக்குத் தனி மொத்தம் என்று பிரிந்துவிடும், ஏனென்றால் வைப்பது எப்போதும் நிற்கிற இடத்தில்.

தாய் கிளாஸில் இருக்கும் வேரியபிளை "இல்லை" என்று அட்ரிபியூட் எரர் சொல்கிறது

சேய் கிளாஸில் நீங்கள் ஒரு __இனிட்__ எழுதியதும் தாயின் __இனிட்__ தானாக ஓடாது. பைத்தானில் நாம்தான் சூப்பர்().__இனிட்__() என்று கூப்பிட வேண்டும். ஜாவாவிலிருந்து வந்தவர்கள் இதில் விழுவார்கள், ஏனென்றால் அங்கே நீங்கள் எழுதாவிட்டாலும் கம்பைலரே ஒரு சூப்பர் அழைப்பைப் போட்டுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் சூப்பரைக் கூப்பிடாமல் திஸ்ஸை (பைத்தானின் செல்ஃப் மாதிரி) தொட்டால் உடனே எரர் கொடுத்துவிடும், அந்த வகையில் அது நல்லது.

கூப்பிட்டுத்தான் இருக்கிறேன் என்கிறீர்களா? கடைசியில் அடைப்புக்குறி இருக்கிறதா பாருங்கள். சூப்பர்().__இனிட்__ என்று மட்டும் எழுதினால் அது மெத்தடைச் சுட்டும், ஓட்டாது, எரரும் வராது. இனிட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது சாதாரண மெத்தட், யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று: எரர் இல்லை, ஆனால் சேயில் வைத்த மதிப்பு காணாமல் போய்த் தாயின் மதிப்பு நிற்கிறது. செல்ஃப்.தள்ளுபடி = 10 என்று வைத்துவிட்டு அதற்குக் கீழே சூப்பரைக் கூப்பிட்டிருப்பீர்கள், தாயின் __இனிட்__ வந்து 0 என்று மேலே எழுதிவிட்டுப் போயிருக்கும். சூப்பரை முதல் வரியாக்குங்கள்.

மதிப்பு வைத்திருக்கிறேன், ஆனால் முதல் முறை மட்டும் 0 வருகிறது அல்லது வெறுமையாக வருகிறது

சூப்பரை முதல் வரியாக்கச் சொன்னேன் அல்லவா, அதனாலேயே வரும் சிக்கல் இது. தாயின் __இனிட்__ தன் வேலையின் நடுவே கணக்கிடு() என்று ஒரு மெத்தடைக் கூப்பிடுகிறது. சேயில் அதே மெத்தடை நீங்கள் மாற்றி எழுதியிருக்கிறீர்கள், அது செல்ஃப்.தள்ளுபடியைப் படிக்கிறது. வரிசையை நிதானமாகப் பாருங்கள்: சேயின் __இனிட்__ தொடங்குகிறது, முதல் வரியில் தாயிடம் போகிறது, தாய் கணக்கிடுவைக் கூப்பிடுகிறது, ஆப்ஜெக்ட் சேய் என்பதால் சேயின் கணக்கிடு ஓடுகிறது, அது தள்ளுபடியைக் கேட்கிறது, தள்ளுபடியை வைக்கும் வரியோ இன்னும் வரவே இல்லை.

பைத்தானில் இது அட்ரிபியூட் எரராக வெடிக்கும், பிடித்துவிடலாம். ஜாவாவில் வெடிக்காது. அங்கே ஃபீல்டுகளுக்கு (ஆப்ஜெக்டின் வேரியபிள்களுக்கு) முதலிலேயே 0, "நல்" என்று வெற்று மதிப்புகள் கிடைத்துவிடும்; தாயின் கன்ஸ்ட்ரக்டர் (பைத்தானின் __இனிட்__ மாதிரி) முடிந்த பிறகுதான் சேயில் நீங்கள் எழுதிய "தள்ளுபடி = 10" ஓடும். ஆகவே கன்ஸ்ட்ரக்டர் வழியாக வந்த முதல் கணக்கில் தள்ளுபடி 0, அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் 10. ஆப்ஜெக்ட் உருவாகி முடிந்த பிறகு டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால்கூட 10 என்றுதான் காட்டும், மனிதன் பைத்தியமாகிவிடுவான். இதில் இன்னொரு குசும்பு: அதே ஃபீல்டை ஃபைனல் என்று அறிவித்து நேரடியாக எண்ணையே கொடுத்திருந்தால், கம்பைலர் அதை மாறிலியாக எடுத்துப் படிக்கும் இடத்திலேயே எண்ணைப் பதித்துவிடும், பிழை மறைந்துவிடும். ஃபைனல் என்ற சொல்லை எடுத்ததும் கணக்கு மாறுகிறது என்று யாராவது தலையைப் பிய்த்துக்கொண்டால், இங்கேதான் பார்க்க வேண்டும்.

சி ஷார்ப்பில் ஃபீல்டுகளோடு எழுதிய தொடக்க மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே ஓடிவிடும், அதனால் அங்கே இந்த வடிவில் வராது. சி++ இன்னும் வேறு: தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடியும்வரை ஆப்ஜெக்ட் தாயாகத்தான் கருதப்படும், எனவே சேயின் மெத்தட் கூப்பிடப்படாது, தாயின் மெத்தட்தான் ஓடும்.

மருந்து எல்லா மொழிக்கும் ஒன்றுதான்: சேய் மாற்றி எழுதக்கூடிய எந்த மெத்தடையும் கன்ஸ்ட்ரக்டருக்குள் கூப்பிடாதீர்கள். ஆப்ஜெக்டை முழுதாக உருவாக்கிவிட்டு, தொடங்கு() என்று தனியாக ஒன்றைக் கூப்பிடுங்கள். தாய் கிளாஸ் உங்களுடையது இல்லை, மாற்ற முடியாது என்றால் பைத்தானில் அந்த ஒரு வேரியபிளை மட்டும் சூப்பருக்கு மேலே வைத்துக்கொள்ளலாம், விதியை மீறுகிறோம் என்று ஒரு வரி குறிப்பும் எழுதிவிடுங்கள். ஜாவாவிலும் ஜேடிகே 25 முதல் சூப்பர் அழைப்புக்கு முன்பே சொந்த ஃபீல்டுக்கு மதிப்பு வைக்க முடியும்.

ஜாவாவில் ஒரே ஆப்ஜெக்ட், கேட்கும் இடத்தைப் பொறுத்து வேறு மதிப்பு

தாயிலும் சேயிலும் ஒரே பெயரில் ஃபீல்டு அறிவித்திருப்பீர்கள். மெத்தடைத்தான் மாற்றி எழுத முடியும், ஃபீல்டை முடியாது. இரண்டாவது ஃபீல்டு முதலாவதை மறைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆப்ஜெக்டுக்குள் இரண்டும் இருக்கின்றன. வேரியபிளை பில் என்று அறிவித்துக் கேட்டால் தாயுடையது, கடன்பில் என்று அறிவித்துக் கேட்டால் சேயுடையது. சேயில் இருக்கும் அறிவிப்பை அழித்துவிட்டு மதிப்பை மட்டும் வையுங்கள்.

கன்ஸ்ட்ரக்டரில் பெயர் = பெயர் என்று எழுதிவிட்டு ஃபீல்டு "நல்" ஆகவே, வெறுமையாகவே, இருக்கிறதே என்று தேடுவதும் இந்தக் குடும்பம்தான். இடப்பக்கம் திஸ் போட மறந்துவிட்டீர்கள், உள்ளே வந்த மதிப்பை அதற்கே திரும்பக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் மாற்றி எழுதிய மெத்தட் ஓடவே இல்லை

முதலில் எழுத்துப்பிழை. ஒரு எழுத்து மாறினாலும் அது புது மெத்தட், பழையதுதான் ஓடும். ஜாவாவில் 2004-இல் வந்த ஜாவா 5-இலிருந்து மெத்தடுக்கு மேலே போடும் ஓவர்ரைடு (மாற்றி எழுதுகிறேன் என்று சொல்லும்) குறிப்பு இருக்கிறது. போட்டால் கம்பைலரே பிடித்துக் கொடுக்கும், போடாமல் இருப்பது சோம்பேறித்தனம். பைத்தான் 3.12-இலும் டைப்பிங் மாட்யூலில் ஒன்று வந்திருக்கிறது, ஆனால் அது ஓடும்போது எதையும் தடுக்காது, மைபை மாதிரி டைப் சோதிப்பான் ஓட்டினால்தான் பயன்.

பெயரின் முன்னால் இரட்டை அடிக்கோடு போட்டிருக்கிறீர்களா? __கணக்கிடு என்று கிளாஸுக்குள் எழுதினால் பைத்தான் அதை _பில்__கணக்கிடு என்று மாற்றிவிடும், சேயில் எழுதியது _கடன்பில்__கணக்கிடு ஆகிவிடும். இரண்டும் வேறு வேறு பெயர்கள், ஒன்றை ஒன்று தொடவே தொடாது. சேய் மாற்றி எழுதக்கூடாது என்பதற்காகவே வைத்த ஏற்பாடு இது, "பிரைவேட்" என்று நினைத்து எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஒற்றை அடிக்கோடு போதும்.

"இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்" என்று டைப் எரர் வந்தால், மொத்தம் என்று மெத்தடும் வைத்து, __இனிட்__ உள்ளே செல்ஃப்.மொத்தம் = 0 என்றும் வைத்திருப்பீர்கள். ஆப்ஜெக்டில் இருப்பது முதலில் கிடைக்கும், மெத்தட் பின்னால் மறைந்துவிடும். ஒன்றின் பெயரை மாற்றுங்கள்.

கண் முன்னால் இருக்கும் வேரியபிளை "தெரியாது" என்கிறது

இரண்டு வகை. நேம் எரர் வந்தால், கிளாஸின் உடம்பில் வைத்த பெயரை மெத்தடுக்குள் செல்ஃப் போடாமல் மொட்டையாகக் கூப்பிட்டிருப்பீர்கள். ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் எழுதினால் உள்ளே இருப்பது வெளியே இருப்பதைப் பார்க்கும், ஆனால் கிளாஸின் உடம்புக்கு அந்த மரியாதை கிடையாது. மெத்தட் அதைத் தாண்டிக்கொண்டு நேராக வெளியே போய்விடும். இதனாலேயே கிளாஸின் உடம்பில் விகிதம் = 5 என்று வைத்து, அடுத்த வரியில் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் லூப் ஓட்டி லிஸ்ட் உருவாக்குவது) போட்டு உள்ளே விகிதத்தால் பெருக்கினால் நேம் எரர் வரும். ஒரு வரி மேலே இருக்கிறதே என்று கத்தினாலும் வரும். சாதாரண ஃபார் லூப்பாக எழுதிவிடுங்கள், ஓடும்.

அன்பவுண்ட் லோக்கல் எரர் என்றால் வேறு. வெளியே விகிதம் = 5 இருக்கிறது. ஃபங்ஷனின் முதல் வரியில் அதைப் பிரிண்ட் செய்கிறீர்கள், எரர். காரணம் அந்த வரியில் இல்லை, கீழே எங்கேயோ, ஓடாத ஒரு இஃப்புக்குள்கூட இருக்கலாம், விகிதம் = 12 என்று ஒரு வரி இருக்கும். ஃபங்ஷனில் எந்த மூலையில் மதிப்பு வைத்தாலும் அந்தப் பெயர் ஃபங்ஷன் முழுவதற்கும் உள்ளூர்க்காரர் ஆகிவிடும், அந்த முடிவு நிரல் ஓடுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. வெளியே இருப்பதையே மாற்ற வேண்டுமென்றால் குளோபல், வெளி ஃபங்ஷனில் இருப்பது என்றால் நான்லோக்கல். ஆனால் என்னைக் கேட்டால் மதிப்பை உள்ளே அனுப்பி, விடையைத் திரும்ப வாங்குவதே நிம்மதி.

பத்து பட்டன் வைத்தேன், எதை அழுத்தினாலும் பத்தாவதே வேலை செய்கிறது

லூப்பில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) வைத்திருப்பீர்கள். லாம்டா அந்த நேரத்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதில்லை, பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு அழுத்தும்போதுதான் போய்ப் பார்க்கும். அப்போது லூப் முடிந்து கடைசி எண்தான் அங்கே உட்கார்ந்திருக்கும். லாம்டா எண்=எண்: என்று எழுதினால் அப்போதைய மதிப்பு ஒட்டிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் வார் என்பதை லெட் ஆக்கினால் தீர்ந்தது, 2015-இல் அது வந்ததன் பெரிய நன்மைகளில் இது ஒன்று. கோ மொழியில் இதே தொல்லைக்காக 2024-இல், 1.22-ஆம் பதிப்பில், லூப் வேரியபிளின் விதியையே மாற்றினார்கள்.

இரண்டு தாய் வைத்தேன், ஒருத்தியின் __இனிட்__ ஓடவில்லை

சூப்பர் என்றால் "என் தாய்" என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது எம்ஆர்ஓ வரிசையில் "எனக்கு அடுத்தவர்". பில்லிலிருந்து கடன்பில், பதிவுபில் இரண்டும் பிறந்து, அந்த இரண்டிலிருந்தும் ஒரு கிளாஸ் பிறந்தால், கடன்பில்லுக்குள் இருக்கும் சூப்பர் போவது பில்லிடம் இல்லை, பதிவுபில்லிடம். கடன்பில்லை எழுதியவருக்குப் பதிவுபில் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அவர் சூப்பருக்குப் பதிலாக பில்.__இனிட்__(செல்ஃப்) என்று நேராகக் கூப்பிட்டிருந்தால் பதிவுபில் விடுபட்டுவிடும், உங்கள் அறிகுறி அதுதான். எல்லோரும் சூப்பரையே கூப்பிட வேண்டும், தனக்குத் தேவையில்லாத ஆர்கியுமென்டுகளை இரட்டை நட்சத்திரம் போட்டு வாங்கி அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். இந்த வரிசை முறை பைத்தான் 2.3-இல் வந்தது, டிலன் மொழிக்காக யோசித்த சி3 முறை. வரிசையே அமைக்க முடியாதபடி தாய்களை எழுதினால் கிளாஸை உருவாக்கும்போதே டைப் எரர் வரும், பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் தாய்களின் இடத்தை மாற்றினால் சரியாகும்.

மேலே எதுவும் பொருந்தவில்லை, இது அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட்தானா என்று ஐஸ்இன்ஸ்டன்ஸிடம் கேட்டால் ஃபால்ஸ் என்கிறது, பொதுக் கணக்கும் இரண்டு விதமாக வருகிறது

பில் கிளாஸ் இருக்கும் கோப்பையே நேரடியாக ஓட்டுகிறீர்களா, அதே கோப்பை வேறொரு கோப்பும் இம்போர்ட் செய்கிறதா? அப்படியென்றால் அது இரண்டு முறை ஏற்றப்பட்டிருக்கிறது, ஒன்று __மெயின்__ என்ற பெயரில், இன்னொன்று கோப்பின் பெயரில். பார்க்க ஒரே கிளாஸ், உண்மையில் இரண்டு பிரதிகள், ஆளுக்கொரு கிளாஸ் வேரியபிள். இரண்டு ஆப்ஜெக்டுகளிலும் டைப்(பில்1).__மாட்யூல்__ பிரிண்ட் செய்து பாருங்கள், பெயர் வேறாக இருக்கும். கிளாஸைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டு, ஓட்டுகிற கோப்பில் தொடக்க வரிகளை மட்டும் விட்டுவைத்தால் போதும்.